நாக்கைச் சுருட்டாத நைனா

மகள் இணையத்தில் ஆர்டர் போட்டு ஒரு டப்பா வரவழைத்திருந்தாள். உள்ளே கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய். கோடு போட்ட இடம் வரை எச்சில் துப்பி அனுப்பினால், அதிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, நம் முன்னோர் எங்கே கிளம்பி எந்த வழியாக வந்தார்கள் என்று ஆறு வாரத்தில் சொல்லிவிடுவார்களாம். எங்கள் முன்னோர் ஆரணியில் கிளம்பி ஆரணிக்கே வந்து சேர்ந்தவர்கள் என்பதை நான் சும்மாவே சொல்லியிருப்பேன். கேட்கத்தான் ஆளில்லை.

துப்பு என்று சொன்னவுடன் வாய் வறண்டு போயிற்று. குழாயை மூக்கருகில் வைத்துக்கொண்டு எச்சிலுக்காகக் காத்திருந்தபோது அந்தப் புது மூடியின் வாசனை வந்தது. ஸ்கெட்ச் பேனா மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தால் வருமே, அதே வாசனை. அவ்வளவுதான், நான் பத்தாம் வகுப்புக்குப் போய்விட்டேன்.

ஒரு செம்மறியாட்டைப் பார்த்து அதே மாதிரி இன்னொன்றைப் பரிசோதனைக்கூடத்திலேயே செய்துவிட்டார்கள் என்று செய்தி வந்த வருடம் அது. ஆரணியில் அதைப் பற்றிப் பேசாத டீக்கடை இல்லை. ஆட்டை நகலெடுத்தால் பிரியாணிக்கு ஆச்சு, ஆளை நகலெடுத்தால் ரேஷன் கார்டுக்கு என்ன செய்வது என்பதுதான் பெரியவர்களின் கவலை. எங்கள் பள்ளிக்கூடத்திலும் அந்தச் சூட்டோடு அறிவியல் கண்காட்சி வைத்தார்கள். தலைப்பு, மரபியல்.

வகுப்பில் கெட்டிக்காரிகள் எல்லாம் தெர்மகோல் உருண்டைகளைக் கோத்து டி.என்.ஏ. ஏணி செய்யக் கிளம்பிவிட்டார்கள். முறுக்கிக் கட்டப் பட்டு நூல் வேண்டுமென்றால் எங்கள் ஊரில் பஞ்சமா? எனக்குக் கைவேலை வராது. அதனால் அறிவியல் டீச்சர் எனக்கு ஒரு சர்வே கொடுத்தார். நாக்கின் இரண்டு ஓரங்களையும் மேலே மடித்துக் குழல் மாதிரி சுருட்டுவது ஓங்கு பண்பு. அம்மா அப்பா இருவருக்குமே அது வராவிட்டால் பிள்ளைக்கும் வராது. பட்டாணிச் செடி வளர்த்த ஒரு பாதிரியாரின் கணக்கிலிருந்து வந்த விதி என்று டீச்சர் சொன்னார். வீடு வீடாகப் போய்ப் பார்த்து, வந்தால் டிக், வராவிட்டால் பெருக்கல் குறி போடவேண்டும். இதைவிட எளிதான வேலை உலகத்தில் உண்டா என்று நினைத்துக்கொண்டேன்.

பிள்ளைகள் பிரமாதமாக ஒத்துழைத்தார்கள். தெருவே நாக்கைச் சுருட்டிக்கொண்டு திரிந்தது. பெரியவர்களிடம்தான் மாட்டிக்கொண்டேன். வயசுப் பெண் வந்து, "மாமா, கொஞ்சம் நாக்கை நீட்டுங்க" என்றால் எந்த மாமா நீட்டுவார்? மாமனார் எதிரில் வாயைத் திறந்தே சிரிக்காத மருமகள்கள் நாக்கையா காட்டுவார்கள்? முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு "வராதுமா" என்றார்கள். ஆண்கள் வெற்றிலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குத் தள்ளிவிட்டு "வராது, போ" என்றார்கள். எதிர்வீட்டு ஏழுமலை மாமா, களம்பூர் ரைஸ்மில்லில் மேஸ்திரி, மீசைக்குப் பேர்போனவர், "பேஜார் பண்ணாத, ஜல்தி போய்ப் படி" என்று விரட்டினார். நான் விஞ்ஞானி. கண்ணால் பார்க்காததை எழுதமாட்டேன். எல்லாருக்கும் பெருக்கல் குறி போட்டேன்.

கடைசியாக எங்கள் வீடு. நைனா தறிக்குழியில் காலை விட்டபடி, ஊடு நூலோடு குறுக்கே ஓடும் நாடாவை நிறுத்தாமலே வராது என்றார். அம்மா அடுப்படியிலிருந்து வராது என்றாள். எனக்கு நன்றாக வரும். அன்றைக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் குழந்தை மாறிப் போயிருக்கிறது, வேறென்ன? என் உண்மையான அப்பா யாரோ ஜவுளிக்கடை முதலாளியாக இருக்கலாம் என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அடுத்த நிமிஷம், இந்த நைனா எனக்கு நைனா இல்லையா என்று நினைத்து அழுகை முட்டியது.

துக்கத்தை அடக்கிக்கொண்டு சார்ட்டை முடித்தேன். பச்சை ஸ்கெட்சில் தெருவில் இருக்கிற எல்லாக் குடும்பத்தலைவர் பெயரும், பக்கத்தில் குறிகளும். கீழே சிவப்பில், கோடு போட்டுக் கட்டம் கட்டி: "முடிவு: எங்கள் தெருவில் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை."

டீச்சர் தெர்மகோல் ஏணி சாயாமல் முட்டுக்கொடுப்பதில் மும்முரமாக இருந்ததால் இதைப் பார்க்கவில்லை. கண்காட்சியைத் திறந்துவைக்க வந்த அதிகாரிதான் முதலில் பார்த்தார். கையெழுத்து அழகாக இருக்கிறதே என்று சத்தமாக வேறு படித்தார். டீச்சர் முகம் போன போக்கைப் பார்த்தும் எனக்கு எதுவும் விளங்கவில்லை. ஆஸ்பத்திரியைத் தவிர இன்னொரு காரணமும் இருக்கமுடியும் என்பது அந்த வயதில் எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் கண்காட்சி பார்க்க வந்திருந்த எங்கள் தெருக்காரர்களுக்கு அதுதான் முதலில் தோன்றியது.

ஏழுமலை மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். சார்ட்டில் தன் பெயரைப் பார்த்தார். தன் பெண்டாட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இன்னாமா எழுதிக்கீற? இந்தா, நல்லா பாத்துக்கோ."

மீசைக்குக் கீழே நாக்கு வந்தது. சுருண்டது. அப்படி ஒரு குழலை நான் இன்றுவரை பார்த்ததில்லை. அடுத்து அவர் பெண்டாட்டி முந்தானையை இறக்கிவிட்டு, மாமனார் நிற்கிறார் என்றும் பார்க்காமல் சுருட்டினார். மாமனார் மட்டும் சும்மா இருப்பாரா? ஒவ்வொருவராக வந்து சார்ட்டில் தங்கள் பெயரைத் தொட்டுக்காட்டி, நாக்கைச் சுருட்டி, பிள்ளைகளை உரிமை கொண்டாடினார்கள். அதிகாரி திகைத்துப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய நாக்கும் உள்ளுக்குள் முயற்சி செய்வது கன்னத்தில் தெரிந்தது. நான் பெருக்கல் குறிகளை டிக்காகத் திருத்தித் திருத்தி மாளவில்லை.

கடைசியில் ஒரே ஒரு வரிசை மிச்சம். நைனா தறியிலிருந்து அப்படியே எழுந்து வந்திருந்தார், சட்டையில் பட்டு நூல் ஒட்டியிருந்தது. முன்னால் வந்து நாக்கை நீட்டினார். தோசை மாதிரி தட்டையாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு முக்கினார். இரண்டு விரலால் ஓரங்களை மடித்துப் பார்த்தார். விரலை எடுத்ததும் திரும்பத் தோசை. ஏழுமலை மாமா அவர் தோளில் தட்டி, "உடு, அப்புறமா வரும்" என்றார்.

அம்மாவுக்கும் நிஜமாகவே வரவில்லை. அவள் அதைப் பற்றிக் கவலைப்படவும் இல்லை. "உன்ன பெத்த வலி எனக்குத் தெரியும். நாக்குக்கு இன்னாடி தெரியும்?" என்று கேட்டுவிட்டு, தெர்மகோல் ஏணியைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஏணிக்கு முதல் பரிசு. எனக்குப் பொதுமக்கள் ஆர்வத்தைத் தூண்டியதற்காக ஒரு சோப்பு டப்பா. அதைப் பிடித்துக்கொண்டு நைனாவோடு வீட்டுக்கு நடந்தேன். ஜீன் ஜீன் என்கிறார்களே, அது என்ன என்று கேட்டார். சேலையில் மயில் விழுவதற்குத் தறிமேல் ஓட்டை போட்ட அட்டை கோத்திருக்கிறதே, அந்த மாதிரி என்றேன். சட்டையில் ஒட்டியிருந்த பட்டு நூலை எடுத்தபடி கேட்டார்.

"ஒரு ஓட்ட அடச்சிகினா மயிலுக்கு மூக்கு வராது. அதுக்காவ சேல வேற தறியோடதா?"

இல்லை என்றேன். அவருக்கே அந்தப் பதில் போதவில்லை என்பது மறுநாள் காலையில் தெரிந்தது. தறிக்குப் பக்கத்துத் தூணில் அவர் சவரம் செய்கிற சின்னக் கண்ணாடி தொங்கும். முகம் துடைத்த பிறகு அதன் முன்னால் நாக்கை நீட்டி, சுண்டுவிரலால் ஓரத்தை மேலே தள்ளிக்கொண்டிருந்தார். நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அடுத்த நாளும் அப்படியே. நான் பிளஸ் டூ முடித்து வேலூருக்குக் கல்லூரி போகும்வரை அப்படியே.

கல்லூரியில் ஒரு பேராசிரியர் போகிறபோக்கில் சொன்னார், நாக்குச் சுருட்டுவது அவ்வளவு எளிய விதி இல்லை, ஒரே கருவில் பிறந்த இரட்டையரிலேயே ஒருத்தருக்கு வரும், இன்னொருத்தருக்கு வராது என்று. அன்று மாலையே ஆரணி பஸ் பிடித்தேன். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, அந்தப் பாடம் தப்பாம் நைனா என்றேன்.

"இப்ப வந்து சொல்றியே. எத்தினி வருஷமா நாக்கு வலிக்குது தெரியுமா?" என்றார்.

மறுநாள் காலையில் எட்டிப் பார்த்தேன். கண்ணாடி முன்னால் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்துவிட்டு, "பழக்கமாய்ட்டுது" என்றார்.

நைனா போய் ஒன்பது வருடம் ஆகிறது. வீட்டைக் காலி செய்தபோது அந்தக் கண்ணாடியைத் தேடினேன். தூணில் ஆணி மட்டும் இருந்தது. ஏழுமலை மாமாவும் இல்லை, அந்த மீசையும் இல்லை. மகளின் பாடப்புத்தகத்தைப் புரட்டினேன், நாக்கு விதியும் அதில் இல்லை.

எனக்கு அப்பாவாக இருப்பதற்கு ஒரு மனிதர் தினமும் காலையில் பயிற்சி எடுத்தார். இதை எந்தக் குழாயில் போட்டு அனுப்புவது?

மகள் வந்து பார்த்தபோது குழாய் கோடு வரை நிரம்பியிருந்தது. எப்படிம்மா என்று கேட்டாள். அழுதால் எச்சில் ஊறும் என்று டப்பாவோடு வந்த குறிப்புத் தாளில் யாருமே எழுதவில்லை.