நான்கு கம்புகளும் ஒரு சொல்லும்

எத்தாளைக் கடற்கரை மணலில் நான்கு கம்புகள் நிற்கும் படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. கூரை இல்லை, தட்டி இல்லை, ஆள் இல்லை. நான் எடுத்ததல்ல, இணையத்தில் கிடைத்தது. கீழே ஒரே சொல்: ‘கைவிடப்பட்டது’.

அவை ஒரு மீன்வாடியின் கம்புகள்; வாடி, கரையிலிருந்து இழுக்கும் கரைவலைக்குச் சொந்தக்காரரான ஒரு சம்மாட்டியுடையது. பத்திரிகையில் வேலை பார்த்த காலத்திலிருந்து பழக்கம். அண்ணன் என்ற முறையில் காக்கா என்றே அழைப்பேன். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று எழுந்தால் அந்தக் கடலில் வலை இழுக்க முடியாது. கூரைக் கிடுகையும் தட்டியையும் கழற்றிக்கொண்டு, அலையில்லாத களப்புப் பக்கம் போய்விடுவார்கள். கம்புகளை மட்டும் விட்டுவிடுவார்கள். திரும்பி வருவோம் என்பதற்கு அதுதான் அடையாளம். கம்பு நிற்கிற இடத்தில் இன்னொருவர் வாடி போடமாட்டார்.

அந்தக் கரையை விடுதி ஒன்றுக்குக் கேட்டு விண்ணப்பம் போனபோது, அங்கே யாரும் இல்லை என்பதற்கு இணையத் தரவுகளைச் சான்றாக வைத்திருந்தார்கள். காக்கா என்னைத் தேடி வந்தார். பத்திரிகையை விட்டபின் என் வேலை இதுதான்: கணினிகள் தாமே வாசித்து, ஒன்றோடு ஒன்றைக் கொளுவிச் சேர்த்துக்கொள்ளும் இணையத் தகவல்களில், எது எங்கிருந்து வந்தது என்று தேடுவது. “வலைதானே தம்பி, கயித்தப் புடிச்சு இழுங்க, மீனோட மடி தன்னால வரும்” என்று சிரித்தார்.

இழுத்தேன். மூன்று தளங்கள் அதே சொல்லைச் சொல்லின. முதலாவது இரண்டாவதை மூலமாகக் காட்டியது, இரண்டாவது மூன்றாவதை, மூன்றாவது முதலாவதை. செய்தி அறைக்கு இப்படி ஒன்றைக் கொண்டுபோயிருந்தால் முகத்தில் எறிந்திருப்பார்கள். இங்கே அது மூன்று சாட்சிகளாகிவிட்டது. பழைய பதிப்புகளைப் பின்னோக்கித் தோண்டியபோது ஒரு மாணவியின் கள ஆய்வில் போய் முட்டியது. மூலம்: ‘அவ்வூர் மீனவர், வாய்மொழி’. எந்த மாதம் என்று குறிக்கப்படவில்லை.

வாசித்துக் காட்டினேன். காக்காவின் சிரிப்பு நின்றது.

“அது நாந்தான் தம்பி. சோளகத்துல ஒரு புள்ள வந்து, இங்க வாடியில ஆள் ஈக்கிதா எண்டு கேட்டா. ஒருத்தரும் இல்ல மகள் எண்டு சென்னேன். அப்ப இல்லதானே?”

“கம்பு நிக்கிறதச் சொல்லல்லையா காக்கா?”

“நிக்கிற கம்பு கண்ணுக்குத் தெரியாதா?”

மாதத்தையும் வழக்கத்தையும் எழுதித் திருத்தம் அனுப்பினேன். ஒரு தளம் ஏற்றுக்கொண்டது. சில நாட்களில், மற்ற இரண்டோடும் ஒத்துப்பார்த்து, தானாகவே பழைய சொல்லுக்குத் திரும்பியது. மறுபடி திருத்தினேன், மறுபடி திரும்பியது. சண்டை பிடிக்க ஓர் ஆசிரியர் இல்லை, தொலைபேசியை எடுக்க ஓர் ஆள் இல்லை. சொன்னவரே வந்து, நான் சொன்னது அதுவல்ல என்கிறார். அதைக் கேட்க அங்கே எவரும் இல்லை.

இவ்வருடம் சோளகம் ஓய்ந்ததும் கிடுகை ஏற்றிக்கொண்டு போன காக்கா, கரையிலிருந்து என்னை அழைத்தார். விடுதிக்காரர்கள் முட்கம்பி வேலி போட்டிருந்தார்கள். “கம்பு நாலும் உள்ளுக்கு நிக்கிது தம்பி. நாங்கதான் வெளிய.”

அன்று அந்தப் படத்தை மறுபடி திறந்தேன். அதே மணல், அதே கம்புகள், அதே சொல். திருத்தம் எழுத உட்கார்ந்தேன். அந்தக் கரையில் இப்போது உண்மையாகவே ஒருவரும் இல்லை.