சிமெந்துத் தரையில் தேறிய ஜாக்கி

பதுளையில் ஒரு கல்லூரியின் உப அதிபராக நான் இருந்த காலம் அது. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளையாகப் பிறந்து, பட்டம் பெற்று, சொந்தக் காரில் கல்லூரிக்குப் போய்வந்தவர்கள் அன்றைய ஊவா மாகாணத்தில் மிகச் சிலர். அந்தச் சிலரில் நானும் ஒருவன். கடைத்தெருவில் நடந்தால் முதலாளிமார் எழுந்து நிற்பார்கள். நகர மண்டபத்தில் கூட்டம் என்றால் முன்வரிசையில் எனக்கென்று ஒரு நாற்காலி இருக்கும். பெருமைக்காகச் சொல்லவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால், பின்னால் வரப்போகும் லொறி உங்களுக்கு வெறும் லொறியாகவே தெரியும்.

இதையெல்லாம் கிளறிவிட்டவர் பக்கத்து வீட்டு வங்கி அதிகாரி. இப்போது கப்பல் கப்பலாக வந்து இறங்குகின்றனவே ஜப்பான் கார்கள், அவற்றில் ஒன்றை வேறொருவரிடமிருந்து வாங்கியிருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை காலை என் கேற்றடியில் வந்து நின்றார்.

"சேர், ஜாக்கி ஒன்னு வாங்கணும். எது நல்லதுன்னு நீங்கதான் சொல்லணும்."

"எதற்கு?"

"வீட்டுல வச்சு சக்கரம் மாத்தத்தான். ரோட்டுல பஞ்சரானா கராஜ்காரன் வந்துருவான்ல?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. வீட்டில் வைத்துச் சக்கரம் மாற்றத்தான் என்று சொல்லித்தான் நானும் ஒரு ஜாக்கி வாங்கினேன்...

எழுபதுகளின் முற்பகுதி. இறக்குமதி நின்றுபோன காலம். புது டயர் என்பது பெர்மிட் எடுத்து, காத்திருந்து, கடைசியில் கிடைக்காமற்போகும் பொருள். உபரிச் சக்கரத்தோடு இருக்கும் ஐந்து டயர்களையும் காப்பாற்ற ஒரே வழிதான் உண்டு. முன்சக்கரத்தைப் பின்னுக்கும் பின்சக்கரத்தை முன்னுக்குமாக மாற்றி மாற்றிப் பூட்டி, தேய்மானத்தைச் சமப்படுத்துவது. மாதத்தில் ஒரு ஞாயிறு எனக்கு இந்த வேலைக்கே போய்விடும். காருடன் வந்த திருகு ஜாக்கி மரை தேய்ந்து பாதியில் நழுவத் தொடங்கியதும், வேறொன்று தேடிக் கடைத்தெருவுக்குப் போனேன்.

இரும்புக்கடை முதலாளி நானாவிடம் இரண்டு இருந்தன. ஒன்று கத்தரி ஜாக்கி. மடக்கினால் தட்டையாகி, திருகத் திருக விரிந்து எழும்புவது. மெலிந்து, துருவேறி, எடுத்துப் பார்க்கவே மனம் வரவில்லை. மற்றது எண்ணெயில் வேலை செய்யும் போத்தல் ஜாக்கி. கட்டைகுட்டையாக, பச்சை வர்ணத்தில், ஏதோ ஒரு பெரிய லொறியிலிருந்து இறங்கியது. பிடியை அசைத்தால் சத்தமின்றி எழுந்தது.

"ஆனையத் தூக்கும் சேர்!" என்றார் நானா.

"என்னிடம் ஆனை இல்லை."

"அதுக்கென்ன? ஒங்கட கார் அதுக்குப் பூன. இந்தக் கத்தரிய எடுத்திட்டுப் போனா, சேர் போய் சவரக் கத்தி வாங்கிட்டு வாறார் எண்டு ஊரே சொல்லும்."

போத்தல் ஜாக்கியையே எடுத்தேன். வாங்கிய அன்றே வீட்டில் சோதித்தும் பார்த்தேன். வழவழப்பான சிமெந்துத் தரை. பின் அச்சின் கீழே அளவெடுத்துச் செய்ததுபோல் ஜாக்கி போய் உட்கார்ந்தது. என் மனைவி காரின் கூரைமேல் வைத்துவிட்டுப் போயிருந்த தேநீர்க் கோப்பை அசையவில்லை. கார் எழுந்தது. வேலியோரம் நின்று பார்த்தவர்களும் தலையை ஆட்டினார்கள்.

இதைவிட வேறு என்ன சோதனை வேண்டும்?

என் தங்கை பாக்கியம் ஸ்பிரிங்வெளிக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருந்தாள். அவள் கணவர் ராமையா அங்கே கணக்கப்பிள்ளை. இரண்டு நாட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்து குடியுரிமை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதில், ஒரே வயிற்றில் பிறந்த எங்கள் இருவருக்கும் இரண்டு நாடுகள் வந்தன. எனக்கு இலங்கை. கணவர் போட்ட மனுவின்படி அவளுக்கு இந்தியா. அதுவரை அவள் இந்தியாவைக் கண்டதில்லை. கடலையே கண்டதில்லை.

பயண நாள் குறித்தாயிற்று என்று தெரிந்ததும் போய்ப் பார்த்தேன். அந்தத் தோட்டத்திலிருந்து நான்கு குடும்பங்கள் புறப்படுகின்றன என்றும், ரயில் நிலையத்துக்குத் தோட்டத்து லொறியைக் கொடுக்கிறார்கள் என்றும் ராமையா சொன்னார். தேயிலைப் பெட்டி ஏற்றும் அதே லொறி.

"அண்ணே, என்னைய மட்டும் லொறியில அனுப்பிறாதீங்க," என்றாள் பாக்கியம்.

"மச்சானுக்கு எதுக்கு செரமம்?" என்றார் ராமையா. "எல்லாச் சனமும் அதுலதானே போகுது."

"நீங்க சும்மா இருங்க. லொறியில ஏறுனதும் எல்லாரும் ஒப்பாரி வைப்பாங்க. நானும் வைப்பேன். அண்ணன் கார்ல போனா அழமாட்டேன். அழுதா அண்ணன் திட்டுவாரு."

"திட்டுவேன்தான்," என்றேன்.

அவளை நானே காரில் அழைத்துப்போவது என்று முடிவாயிற்று. குடும்பத்தில் மூத்தவன் நான். என் தங்கை தேயிலைப் பெட்டிபோல ஏற்றி அனுப்பப்படுவதை நான் அனுமதிக்க இயலாது. இன்னொரு காரணமும் இருந்தது. அவள் திருமணத்துக்குப் பிறகு நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேசியதே இல்லை. தோட்டத்திலிருந்து நிலையம்வரை ஒரு மணி நேரப் பாதை. அந்த ஒரு மணி நேரத்தை நான் மனத்தில் எடுத்து வைத்திருந்தேன்.

மார்கழி மழை விடாமல் பெய்து, அன்று காலை மட்டும் ஓய்ந்திருந்தது. கோட்டும் டையும் அணிந்து போயிருந்தேன். பாக்கியம் முன்னாசனத்தில். ராமையாவும் அவர்களுடைய மகளும் பின்னால், மடியிலும் காலடியிலும் மூட்டைகள். டிக்கியில் இரண்டு பெட்டிகளை வைத்த பிறகு, சாக்கில் கட்டிய அம்மியையும் கொண்டுவந்து ஏற்றச் சொன்னாள்.

"இந்தியாவில் அம்மி இல்லையா?"

"இருக்கும். அது என் அம்மி இல்லையே."

ஏற்றினோம். காரின் பின்பக்கம் தாழ்ந்தது.

தோட்டத்துப் பாதைகளை அறிந்தவர்களுக்குத் தெரியும். லொறிச் சக்கரங்கள் ஓடி ஓடி இருபுறமும் பள்ளமாகி, நடுவில் மண் மேடிட்டு நிற்கும். அந்தத் தடத்தில் இறங்கி மெதுவாக ஓட்டினேன். பாக்கியம் பேசத் தொடங்கினாள். அம்மா இருந்தபோது நாங்கள் குடியிருந்த தோட்டத்து லயத்து வீட்டைப் பற்றி, அங்கே கூரை ஒழுகிய இடத்தில் வைத்த சட்டியைப் பற்றி. "அந்தச் சட்டிய நீங்க எட்டி ஒதச்சிட்டு, அடி வாங்குனது மட்டும் நானு..." என்றாள். பதில் சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் பின்சக்கரம் தடதடவென்று தரையில் அடித்தது.

இறங்கிப் பார்த்தேன். டயரில் ஓர் ஆணி. காற்று முழுவதும் போயிருந்தது.

நான் பதறவில்லை. என்னிடம்தான் ஆனையைத் தூக்கும் ஜாக்கி இருக்கிறதே! எடுத்து அச்சின் கீழே தள்ளினேன். நுழையவில்லை. சரித்துப் பார்த்தேன். நுழையவில்லை. வீட்டில் சோதித்தபோது டயரில் காற்று இருந்தது, தரை மட்டமாக இருந்தது, டிக்கி வெறுமையாக இருந்தது. இங்கே காற்றில்லை, சக்கரம் பள்ளத்தில், பின்னால் அம்மி. மண்மேட்டுக்கும் அச்சுக்கும் நடுவே ஒரு கை போகும். கட்டைகுட்டையான அந்த ஜாக்கி போகாது. ராமையா மண்ணைக் கையால் தோண்டினார். தோண்டிய இடத்தில் வைத்தேன். பிடியை அசைக்க அசைக்க, கார் எழவில்லை. ஜாக்கி சேற்றில் இறங்கியது.

பின்னால் லொறியின் ஹோர்ன் கேட்டது.

பாதை அகலமில்லை. கார் நிற்கும்வரை லொறி தாண்ட முடியாது. லொறியின் சாரதி அந்தோணி எட்டிப் பார்த்தார். "மாஸ்டர், ஸ்டேசனுக்குக் கோச்சி வர நேரமாச்சுங்க!" மேலே பெண்களின் ஒப்பாரி. தோட்டத்திலிருந்தே தொடங்கி வந்திருக்கிறார்கள். ஆண்கள் சிலர் குதித்து இறங்கி வந்தார்கள்.

"தூக்கிருவமா மாஸ்டர்?"

"தூக்கி? சக்கரம் மாத்துற வரைக்கும் புடிச்சிக்கிட்டே நிப்பியா? கோச்சி ஒனக்காக நிக்குமா?" என்றார் அந்தோணி. "ஓரமா தள்ளுங்கப்பா."

பயணத்துக்கென்று உடுத்திய புது வேட்டிகளோடு அவர்கள் என் காரை மண்திட்டோரமாகத் தள்ளினார்கள். சேறு தெறித்தது. பெட்டிகளும் மூட்டைகளும் கைமாறி லொறிக்குப் போயின. ராமையா ஏறி மகளைத் தூக்கிக்கொண்டார். பாக்கியம் கடைசியாக என்னிடம் வந்தாள்.

"நீங்க வீட்டுக்குப் போங்கண்ணே. நா இவங்களோட போயிக்கிறேன்."

நான் லொறியில் ஏறமாட்டேன் என்று அவள் முடிவே செய்துவிட்டாள். காரைப் பூட்டினேன். பின்பலகையைப் பிடித்து ஏறினேன்.

"அம்மா, மாமாவும் லொறியில வாறாங்க!" என்று கத்தினாள் மகள்.

"மாஸ்டருக்கு எடம் விடுங்கடி," என்றது ஒரு குரல். இடம் விட்டார்கள். நெருங்கி நெருங்கி, என் கோட்டில் யாருடைய கையும் படாத அளவுக்கு இடம் விட்டார்கள். லொறி புறப்பட்டது.

அதன்பிறகுதான் கவனித்தேன். ஒப்பாரி நின்றிருந்தது.

வளைவுக்கு வளைவு லொறி சாய்ந்தது. பெண்கள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் பிறந்து வளர்ந்த மலைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. பாக்கியம் என் பக்கத்தில் நின்றாள். லயத்தைப் பற்றியோ சட்டியைப் பற்றியோ மறுபடி அவள் பேசவில்லை. அத்தனை பேர் நடுவில் நான்தான் என்ன பேசுவது? ஊர் எல்லை வந்தபோது மெதுவாகச் சொன்னாள்:

"அண்ணே... ஒங்களுக்காகத்தான் எல்லாரும் அடக்கிக்கிட்டு வர்றாங்க."

அழுங்கள் என்று ஓர் உப அதிபர் எப்படிச் சொல்வது? சொல்லியிருந்தாலும் யார் அழுதிருப்பார்கள்?

அந்த ரயிலுக்கு மலையகத்தில் ஒரு பெயர் உண்டு — ஒப்பாரிக் கோச்சி. தலைமன்னாருக்குப் போய்க் கப்பல் ஏறுகிறவர்களும் அனுப்ப வந்தவர்களும் எழுப்பும் ஓலம் நிலையத்துக்கு வெளியே கடைத்தெருவரை கேட்கும். அன்று மற்றத் தோட்டத்துப் பெட்டிகளில் அந்த ஓலம் இருந்தது. எங்கள் லொறியில் வந்தவர்கள் ஏறிய பெட்டியில் மட்டும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே நான் நின்றுகொண்டிருந்தேன்.

"ஒடம்பப் பாத்துக்குங்கண்ணே," என்றாள்.

"சரி."

இவ்வளவுதான். ரயில் நகர்ந்தது. கை காட்டினேன். கடைசிப் பெட்டியும் வளைவில் மறைந்த பிறகு, அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் எழுந்தது. பல பெண்களின் குரல். அதில் என் தங்கையின் குரல் எது என்று எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை.

திரும்பிப் போன வெறும் லொறியில் அந்தோணியின் பக்கத்தில் உட்கார்ந்து காருக்கு வந்தேன். டிக்கியைத் திறந்தால் அம்மி இருந்தது. அவசரத்தில் யாரும் அதை நினைக்கவில்லை. இருவருமாக இறக்கி வைத்தோம். கார் சற்றே எழுந்தது. ஜாக்கி அப்போதும் நுழையவில்லை. கடைசியில் ஒரு பலகையை நெம்புகோலாக்கித் தூக்கி, கல் அடுக்கிச் சக்கரம் மாற்றினோம்.

வங்கி அதிகாரிக்கு இவ்வளவையும் நான் சொல்லவில்லை. ஜாக்கிக்கு வேண்டியதை மட்டும் சொன்னேன். எவ்வளவு பாரம் தூக்கும் என்று கடைக்காரரிடம் கேட்பதற்கு முன்னால், மடங்கிய நிலையில் எவ்வளவு உயரம் என்று பாருங்கள். வீட்டில் சோதிப்பதானால் டிக்கி நிறையச் சாமான் ஏற்றி, ஒரு டயரின் காற்றை முழுவதும் இறக்கிவிட்டுச் சோதியுங்கள். அப்போதும் அடியில் நுழைந்தால் வாங்குங்கள். கீழே வைக்க ஓர் அகலப் பலகையும், மற்றச் சக்கரங்களுக்கு அண்டை கொடுக்க இரண்டு கட்டைகளும் எப்போதும் காரில் இருக்கட்டும்.

"காத்த எறக்கியா? நல்ல டயர யாராவது அப்படிச் செய்வாங்களா சேர்?" என்றார்.

செய்யமாட்டார்கள். டயருக்குப் பெர்மிட் கேட்ட காலத்தில் ஒருவரும் செய்திருக்கமாட்டார்கள்.

ஆனால் நான் செய்ததாக ஒரு கதை இருக்கிறது. பசறையில் ஒரு கல்யாண வீட்டில், என்னை இன்னாரென்று அறியாத ஒருவர் என்னிடமே அதைச் சொன்னார். பதுளையில் ஒரு மாஸ்டர் இருந்தாராம். தங்கையை இந்தியாவுக்கு அனுப்ப மனம் வரவில்லையாம். பாதி வழியில் காரை நிறுத்தித் தானே டயரின் காற்றை இறக்கிவிட்டாராம். ஆனையைத் தூக்கும் ஜாக்கியைக் கையில் வைத்துக்கொண்டே, தூக்க முடியவில்லை என்று நடித்தாராம். "பாசம்னா அதுதாங்க பாசம்," என்று சொல்லும்போது அவர் கண் கலங்கியது. பந்தியில் இருந்தவர்கள் எல்லோரும் ஆமாம் என்றார்கள். நான் இலையை மடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

பலரும் நம்புவதால் இங்கே எழுதி வைக்கிறேன். காற்றை நான் இறக்கவில்லை. அவளைப் போகவிடாமல் நிறுத்தலாம் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.