ஆளுக்குப் பூஜ்யம் புள்ளி எட்டு

ஐந்தாம் ஆண்டு வகுப்பின் பாதியில் மலேசியாவின் கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளிக்கு வந்து சேர்ந்தேன். அது எனக்கு நாலாவது பள்ளி. அப்பா வீடுகளில் குளிரூட்டும் ஏர்கோன் பொருத்துகிறவர். வேலை இருக்கும் ஊருக்கு வேன் போகும், வேன் போன ஊரில் வீடு பார்ப்போம். பெருக்கலை ஒரு பள்ளியில் படித்தேன், வகுத்தலை இன்னொன்றில். நடுவில் இருந்த பாடங்கள் எந்த ஊரில் தங்கிவிட்டனவோ தெரியாது. மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளியும் நின்றுபோனது. இன்றுவரை நானும் ஓரிடத்தில் நிலைத்தவளில்லை.

டீச்சர் ஒருநாள் எங்களைக் கணினி அறைக்குக் கூட்டிப்போய், இணைய வரைபடத்தில் ஒரு பயணம் தயாரிக்கச் சொன்னார். குறைந்தது ஐந்து இடங்களில் குறி வைக்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் தெருப் படத்தைத் திறந்து அங்கே ஒரு பாடம் நடத்த வேண்டும். ஓரிடத்தில் கணிதம் என்றால் அடுத்ததில் அறிவியலோ வரலாறோ. சிறந்த பயணத்தைப் பெற்றோர் தினத்தில் பெரிய திரையில் காட்டிப் பேச வைப்பார்கள்.

என்னை எந்தக் குழுவும் எடுக்கவில்லை.

“இவ அடுத்த மாசம் வேற ஸ்கூலுக்குப் போயிருவா லா. அப்புறம் யாரு பேசுறது?” என்றான் வகுப்பின் கணக்குப் புலி. அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் அந்தத் திரையில் என் பயணம்தான் ஓட வேண்டும் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

அவன் குழு எகிப்துக்கும் சீனாவுக்கும் போனது. எனக்கு அந்த நாடுகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்தவை நாங்கள் குடியிருந்த வீடுகள்தான். அவற்றுக்குக் குறி வைத்தேன், ஏழு வந்தது. மற்றவர்களுக்கெல்லாம் ஒரே ஒரு வீடு! பார்க்கவே பாவமாக இருந்தது.

டீச்சர் என்னுடையதைத் தேர்ந்தெடுத்தார்.

பெற்றோர் தினத்தன்று அம்மாவும் அப்பாவும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். சுபாங் ஜெயா வீட்டுக் கூரைமேல் தாழப் பறந்த விமானத்தை வைத்து ஒலியைப் பற்றிச் சொன்னேன். பிரிக்பீல்ட்ஸில், ரயில் பாதை போட வந்த நம் ஆட்களின் வரலாறு. கிள்ளான் ஆற்றோர வீட்டின் சுவரில் வெள்ளம் விட்டுப்போன சேற்றுக் கோட்டைக் காட்டி, தண்ணீரை ஏன் கொதிக்கவைக்க வேண்டும் என்று நலக்கல்வி.

ஆறாவது குறி, காஜாங்கில் ஒரு கார் நிறுத்துமிடம். படத்தைத் திறந்தேன். எங்கள் வெள்ளை வேன் அங்கே நின்றுகொண்டிருந்தது. எண் தகட்டை மட்டும் மங்கலாக்கியிருந்தார்கள். பின்கதவில் என் பள்ளிச் சீருடை காய்ந்தது.

“இதுவும் எங்க வீடுதான். ரெண்டு மாசம் இருந்தோம்” என்றேன் பெருமையாக. “இப்போ கணக்கு. வேனுக்குள்ள நாலு சதுர மீட்டர் இடம். அம்மா, அப்பா, ரெண்டு தம்பிங்க, நான், மொத்தம் அஞ்சு பேரு. ஆளுக்கு எவ்வளவு?”

“பூஜ்யம் புள்ளி எட்டு!” என்று கத்தினான் கணக்குப் புலி. “டீச்சர், நம்ம மேசை அளவுதான் டீச்சர்!”

மண்டபமே திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தது. பிறகு தட்டினார்கள் பாருங்கள், எழுந்து நின்று தட்டினார்கள். ஏழாவது வீட்டைக் காட்ட விடவேயில்லை.

பரிசாகக் கிடைத்த கலர் பென்சில் பெட்டியோடு வெளியே ஓடிவந்தேன்.

“அந்த ஒண்ண மட்டும் விட்டிருக்கலாம்லடி?” என்றார் அம்மா, மெதுவாக.

“அதுக்குத்தானே எல்லாரும் கை தட்டுனாங்க!”

அப்பா அதற்குள் வேனில் ஏறியிருந்தார். ஸ்டீயரிங் மேல் நெற்றியை வைத்தபடி, வண்டியைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தார். அதற்கு ஒரே அர்த்தம்தான் எனக்குத் தெரியும்: வண்டி மறுபடி மக்கர். தள்ளுவது என் வேலை. பெட்டியை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் போய்க் கையை வைத்தேன். கணக்குப் புலி தன் குழுவோடு ஓடிவந்து பக்கத்தில் நின்றான்.

“அடுத்த தடவ எங்க குரூப்புக்கு வா லா.”

“நான்தான் அடுத்த மாசம் போயிருவேனே.”

“போனா என்ன, எட்டாவது குறி வை!”

சிரித்துக்கொண்டே தள்ளினோம். வேன் நகர்ந்தது. அப்பா ஜன்னலில் தலையை நீட்டினார். கண்கள் சிவந்திருந்தன.

“டேய், வண்டி நல்லாத்தான்டா இருக்கு!”

நாங்கள் நம்பவில்லை. இன்னும் பலமாகத் தள்ளினோம்.