எக்ஸ்ரேக்குக் கொடுக்காத பிலிம்

அந்தப் பதினொரு பிலிம் ரோல்களையும் எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் விடுவதில்லை என்று, பயணத்துக்கு ஒரு மாதத்துக்கு முன்பே முடிவு செய்துவிட்டேன். உம்மாவுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை செய்ய இருவரும் சென்னைக்குப் போவதாக இருந்தது. பிலிம்களைக் கழுவக்கூடிய இடம் ஒன்று அங்கே இருப்பதாகவும் விசாரித்து அறிந்திருந்தேன். உம்மாவுக்கு இதில் துளியும் விருப்பமில்லை.

"ஒப்பரேஷனுக்குப் போறமா, பிலிமுக்குப் போறமா?" என்று கேட்டார்.

இரண்டுக்கும்தான் என்றேன்.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் புத்தளத்தில் ஒரு ஸ்டூடியோவில் வேலை செய்தேன். கலியாண வீடுகளில் பெண்கள் பக்கம் படம் எடுக்க ஒரு பெண்தான் வேண்டும் என்பதால் எனக்கு வேலைக்குக் குறைவில்லை. தொண்ணூறில் மன்னார்ப் பக்கத்திலிருந்து முஸ்லிம்களான எங்களை ஒட்டுமொத்தமாக வெளியேற்றியபோது எனக்குப் பத்து வயது. இப்போது ஊர்ச் சனம் திரும்பிப் போய்க் காடு வெட்டத் தொடங்கியிருந்தது. இருபது வருடக் காட்டுக்குள்ளிருந்து வீடுகளின் சுவர்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கூரை இல்லை, கதவு நிலை இல்லை, சில வீடுகளில் சமைக்கிற குசினியின் சுவர் மட்டும். வீடமைப்பு உதவி கிடைத்தவர்கள் அந்தச் சுவர்களை இடித்து, அதே கல்லைப் புது வீட்டின் அத்திவாரத்துக்குப் போட்டார்கள். அதில் குறை சொல்ல எதுவுமில்லை. வீடு வேண்டும், கல் வேண்டும்.

முதலில் எங்கள் அயல் வீட்டுப் பெண்தான் கேட்டார். "இடிக்க முன்னம் ஒரு படம் எடுத்துத் தா, புள்ள. புள்ளையளுக்குக் காட்டணும்." எடுத்தேன். அதைப் பார்த்து அடுத்த வீட்டார் கேட்டார்கள். பிறகு அந்தத் தெருவே கேட்டது. நான்கு தடவை பஸ் ஏறிப் போய் எடுத்தேன். ஸ்டூடியோவின் டிஜிட்டல் கமராவை வெளியூருக்குத் தரமாட்டார்கள். என்னிடம் சொந்தமாக இருந்தது பழைய பிலிம் கமரா ஒன்று. அதற்கு, இனி யாரும் வாங்கப் போவதில்லை என்று ஸ்டூடியோ முதலாளி அலுமாரியிலிருந்து தூக்கித் தந்த கறுப்பு வெள்ளைப் பிலிம்கள். குறைந்த வெளிச்சத்திலும் படம் பிடிக்கிற வகை. மற்ற வீடுகளுக்கு ஐந்தாறு படம் எடுத்தேன். எங்கள் வீட்டுக்கு மட்டும் ஒரு முழு ரோல். அது ஏழாவது ரோல். அப்படிச் செய்தது சரியா என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

கறுப்பு வெள்ளைப் பிலிம் கழுவுவதைப் புத்தளத்தில் எப்போதோ நிறுத்தியிருந்தார்கள். எடுத்த பன்னிரண்டு ரோல்களில் ஒன்றை வேறு ஊர்க் கடை ஒன்றில் கொடுத்துப் பார்த்தேன். ஒரு படமும் இல்லாமல், தொடக்கம் முதல் கடைசிவரை கறுத்துப் போய் வந்தது. அதற்குள் ஊரில் சுவர்களை எல்லாம் இடித்து முடித்திருந்தார்கள். திரும்பிப் போய் எடுக்க அங்கே எதுவும் இல்லை. மிச்சப் பதினொன்றையும் இந்த வேலை நன்றாகத் தெரிந்தவர்களிடம் அல்லாமல் கொடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

கழுவாத பிலிமில் எக்ஸ்ரே பட்டால் புகை மூடியதுபோல் ஆகிவிடும், வெளிச்சத்தைச் சீக்கிரம் பிடிக்கிற பிலிம் என்றால் இன்னும் மோசம் என்று முதலாளி எச்சரித்தார். விமானத்தின் அடியில் போட அனுப்புகிற பெட்டிக்குள் வைத்தால் அங்கேயுள்ள இயந்திரம் இன்னும் பலமானது, கையிலேயே கொண்டுபோ என்றார். ஈயத்துக்குள் வைத்தால் கதிர் போகாது என்பதும் அவர் சொன்னதுதான். என் தங்கையின் கணவர் பள்ளிவாசல்துறையில் கடல் தொழிலுக்குப் போகிறவர். வலையில் கட்டுகிற ஈயக்கட்டிகளைச் சுத்தியலால் தட்டித் தகடாக்கி, ஒரு பிஸ்கட் டின்னின் உட்புறம் முழுக்கப் பதித்துக் கொடுத்தார். மூடியோடு தூக்கினால் கை வலிக்கும். இந்தப் பிலிம்களைக் கையால் சோதிக்கவும் என்று மூன்று மொழியிலும் ஒரு கடிதம் தட்டச்சு செய்து நானும் தயாராக இருந்தேன்.

விமான நிலையத்தின் வாசலிலேயே முதல் இயந்திரம். உம்மா சக்கர நாற்காலியில். கடிதத்தை நீட்டினேன். அங்கே நின்ற இளம் அதிகாரி அதைப் படிக்காமலே, எல்லாம் உள்ளேதான் போகவேண்டும் என்று சிங்களத்தில் சொன்னார். சரி, ஈயம் காப்பாற்றும் என்று நம்பிப் பையை வைத்தேன். திரையில் பையின் நடுவே கன்னங்கரேலென்று ஒரு சதுரம். பைகளை இழுத்துப்போகும் பட்டி நின்றது. இரண்டு பேர் ஓடி வந்தார்கள். டின்னைத் திறந்தார்கள். ஈயம் ஏன், எதை மறைக்கிறாய் என்று கேட்டார்கள். நான் சொன்னதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அந்த இளம் அதிகாரி ரோல்களை ஒரு தட்டில் கொட்டி, தட்டைப் பட்டியில் வைக்கப் போனார்.

நான் தட்டின்மேல் இரண்டு கையையும் விரித்து வைத்தேன்.

கையை எடுக்கச் சொன்னார். எடுக்கவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். இன்னொரு தடவை, கொஞ்சம் உரத்துச் சொன்னார். நான் கையை இன்னும் அழுத்தினேன்.

யுத்த காலத்தில் கொழும்புக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் பஸ்ஸிலிருந்து இறக்கி எங்கள் பைகளைக் கொட்டிப் பார்ப்பார்கள். அடையாள அட்டையில் பிறந்த இடத்தைப் பார்த்துவிட்டு என் பையை மட்டும் இரண்டாம் தடவை கிளறுவார்கள். முன்பின் தெரியாதவரின் கை என் பையிலிருந்த உடுப்புகளுக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைப்போல் நான் வெறுத்தது வேறொன்றுமில்லை. அப்படிப்பட்ட நான் அன்றைக்கு அதையேதான் கேட்டேன்: கையால் பாருங்கள். ஒவ்வொன்றாகப் பாருங்கள். எவ்வளவு நேரம் எடுத்தாலும் நிற்கிறேன். இயந்திரத்துக்குத் தரமாட்டேன்.

மேலதிகாரியை அழைத்தார்கள். உம்மாவைவிடக் கொஞ்சம் இளைய பெண். கடிதத்தை முழுதாகப் படித்தார். ஒரு ரோலை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். இந்த உலோகக் கூட்டுக்குள் பிலிம்தான் இருக்கிறது என்பதற்கு என்ன சாட்சி என்று அமைதியாகவே கேட்டார். இயந்திரம் சொல்லவேண்டும், அல்லது நீ திறந்து காட்டவேண்டும் என்றார்.

திறந்தால் வெளிச்சம் பட்டு எல்லாம் அழிந்துவிடும் என்றேன். அப்படியென்றால் விட்டுவிட்டுப் போ என்றார். அவருடைய கேள்வியில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. விமானத்துக்கு அதிக நேரமில்லை. நான் குனிந்து உம்மாவிடம், இன்றைக்குப் போகவேண்டாம், வேறொரு நாள் பார்ப்போம் என்றேன். வைத்தியரிடம் நாள் எடுக்க இரண்டு மாதம் அலைந்திருந்தோம் என்பது எனக்குத் தெரியாமலில்லை.

உம்மா என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"எங்கட வீடு எதில?" என்று கேட்டார்.

"ஏழாவதில. ஏன்?"

"தா அதை."

அபாயாவுக்குள் ஒளிக்கப் போகிறார் என்று நினைத்துக் கொடுத்தேன். உம்மா கூட்டிலிருந்து நாக்குப்போல நீட்டிக்கொண்டிருந்த நுனியைப் பிடித்து இழுத்தார். நான் தடுப்பதற்குள் ஒரு முழம் வெளியே வந்துவிட்டது. நிறுத்தவில்லை. கடைசிவரை இழுத்து, சுருண்டு சுருண்டு மடியில் விழுந்த பிலிமை இரண்டு கையாலும் அள்ளி, அந்த அதிகாரிப் பெண்ணின் முன்னால் நீட்டினார். புத்தளம் சந்தையில் பேசிப் பழகிய சிங்களத்தில், இது எங்கள் வீட்டுப் படம், எங்களுடையதைத் திறந்து காட்டிவிட்டோம், மற்றவை ஊர் ஆட்களுடையவை, அவற்றைத் திறக்க எங்களுக்கு உரிமை இல்லை என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மத்ததெல்லாம் அமானிதம். நம்பித் தந்த சாமான். ஒண்டையும் விட்டுக் குடுக்காத."

அதிகாரிப் பெண் உம்மாவின் கையிலிருந்த பிலிமைப் பார்த்தார். பிறகு கையுறை மாட்டிக்கொண்டு மிச்சப் பத்து ரோல்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, காதருகே குலுக்கி, கையில் நிறுத்துப் பார்த்து, வெடிமருந்து சோதிக்கிற துணியால் துடைத்து, திரும்பத் தட்டில் வைத்தார். எங்கள் கடிதத்தின் கீழே ஏதோ எழுதி முத்திரை குத்தினார். உள்ளே இரண்டாவது சோதனையில் இதைக் காட்டுங்கள் என்றார். மன்னிப்புக் கேட்கவுமில்லை, சிரிக்கவுமில்லை. ஈய டின்னை மட்டும் கொண்டுபோக விடவில்லை. உள்ளேயும் அந்த முத்திரையைப் பார்த்துக் கையாலேயே சோதித்தார்கள்.

விமானத்தில் உம்மாவுக்கு இருக்கைப் பட்டியை மாட்டிவிட்டேன். பிறகு, "என்னட்ட ஒரு சொல் கேட்டிருக்கலாம்" என்றேன்.

"கேட்டா தந்திருப்பியா?"

தந்திருக்கமாட்டேன்.

சென்னையில் வெளியே போகும் வாசலில் மறுபடி ஓர் இயந்திரம் இருந்தது. அங்கே தமிழில் சண்டை பிடிக்க முடிந்தது. என் பேச்சைக் கேட்டுச் சிரித்த அதிகாரி, தன் கலியாணமும் பிலிமில்தான் எடுத்தது என்று சொல்லிக் கையால் பார்த்து எங்களைப் போகவிட்டார். உம்மாவின் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. அவர் கட்டிலில் கிடந்த நாட்களில் நான் பிலிம் கழுவுகிற இடத்துக்கும் வைத்தியசாலைக்கும் நடந்தேன். ஒன்பது ரோல்கள் தெளிவாக வந்தன. ஒன்றில் கமராவின் கதவிடுக்கால் வெளிச்சம் புகுந்து பாதிப் படங்கள் போயிருந்தன. அது என்னுடைய கமராவின் குறை. இயந்திரம் அவற்றில் ஒன்றையும் தொடவில்லை.

ஊருக்கு வந்து வீடு வீடாகப் படங்களைக் கொடுத்தேன். ஒருவர் தன் சுவர் இவ்வளவு சின்னதல்ல என்று வாதாடினார். ஒரு பெண் படத்தைக் கையில் வாங்காமல், அங்கே வை என்று கதிரையைக் காட்டினார். இரண்டு குடும்பங்கள் கிணறு யாருடைய காணிக்குள் இருந்தது என்று ஒரு வருடமாகப் பேச்சில்லாமல் இருந்தன. படத்தில் கிணற்றுக்கு அந்தப் பக்கம் எல்லைக்கல் தெளிவாகத் தெரிந்தது. அதற்காக அவர்கள் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. ஆனால் வேலியை நகர்த்தினார்கள்.

எங்கள் வீட்டுக்குப் படம் இல்லை. அந்த ரோலைப் பற்றி உம்மா ஒரு தடவைகூடப் பேசியதில்லை. எனக்கு அந்தக் கோபம் முழுதாகப் போய்விட்டது என்றும் சொல்லமாட்டேன்.

நான் இன்னும் பிலிமில் எடுக்கிறேன். இப்போது விமான நிலையங்களில் இன்னும் பலமான புது இயந்திரங்கள் வருகின்றன என்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் ரோல்களைத் தெளிவான பிளாஸ்டிக் பையில் போட்டு, வரிசையை விட்டு ஒதுங்கி நின்று, கையால் பாருங்கள் என்று கேட்கிறேன். சிலர் உடனே பார்க்கிறார்கள். சிலர் அலுத்துக்கொள்கிறார்கள். போன பயணத்தில் ஒருவர், இதற்குள் அப்படி என்ன பெறுமதியான படம் என்று கேட்டார். கருவாடு காயப்போடுகிற பெண்களின் படம் என்றேன். கருவாட்டுக்காகவா இவ்வளவு சண்டை என்றார்.

ஓம், கருவாட்டுக்காகத்தான் என்று சொல்லி, அவர் கையுறையை மாட்டும்வரை நின்றேன்.