இரண்டு நாய்களின் நேரசூசி

2010 இல் நான் இரண்டு நாய்களைப் பார்த்துக்கொண்டேன். இரண்டும் முதலாளியுடையவை. ரூ லூயி-பிளாங்க் தெருவில் இருந்த அவருடைய சாப்பாட்டுக் கடையில் நான் கோப்பை கழுவினேன். வன்னியிலிருந்து வெளிநாடு வந்து ஒரு வருடம், கையில் விசாப் பேப்பர் இல்லை. நகருக்கு வெளியே ஒபர்வில்லியேயில் அரிசியும் வெங்காயமும் அடுக்கிய அவருடைய கிடங்கின் மூலையில் ஒரு மெத்தை தந்திருந்தார். அங்கே காவலுக்கு ஒரு நாய் நின்றது. அது குரைத்தால் எழுந்து பார்க்க ஒரு ஆள் வேண்டும். அது குரைக்கிற காலம்வரைதான் எனக்குப் படுக்க இடம்.

மற்றது வீட்டு நாய். ரூ பெர்தொனே தெருவில் மூன்றாம் மாடி. ஏழு மணிக்கு முதலாளியின் மகள் அதைக் கீழே கொண்டு போவாள். பிறகு நாலு மணிவரை சோபாவில் நித்திரை. மூன்றுக்கும் ஆறுக்கும் இடையில் கடை பூட்டியிருக்கும் நேரத்தில் நான் போய் அதை நடத்திக்கொண்டு வருவேன். நான் மணி அடிக்குமுன்பே கதவுக்குப் பின்னால் வந்து நிற்கும். மழையென்றால் அதற்கு ஒரு சட்டை போடவேண்டும். அந்த நாயை எனக்குப் பிடிக்காது. அது என் கையை நக்கினால் இன்னும் பிடிக்காது.

கிடங்கு நாய்க்கு இரவுதான் பகல். காலையில் எண்ணெய் டின்களுக்குப் பக்கத்தில் சங்கிலியில் கட்டினால் மாலைவரை சுருண்டு கிடக்கும். அவிழ்த்துவிட்டால் விடியும்வரை கதவோரமாய் நடந்து, ஒவ்வொரு வாகனத்துக்கும் குரைக்கும். காலையில் மட்டும்தான் சாப்பாடு. “இரவில வயிறு நிரம்பினா படுத்திடும்” என்பது முதலாளியின் கண்டுபிடிப்பு. கடையில் மிஞ்சியதை வாளியில் கொண்டுவந்து கொட்டுவேன். வெள்ளிக்கிழமை கடையில் மரக்கறி மட்டும்தான். அன்றைக்கு நாய் வாளியை மணந்துவிட்டு என் முகத்தைப் பார்க்கும். “உனக்கும் விரதமடா” என்று சொல்லிச் சிரிப்பேன்.

ஒருநாள் வீட்டு நாய்க்கு என் வடையில் ஒரு துண்டை நீட்டினேன். மகள் பாய்ந்து பறித்தாள்.

“அங்கிள், அதுக்குள்ளை வெங்காயம்! நாய்க்கு அது நஞ்சு.”

முதலாளியிடம் சொன்னேன். “ஊரில எங்கட நாயள் என்னத்தைத் திண்டது? உதெல்லாம் வீட்டு நாய்க்கு” என்றார். இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தோம்.

கந்தசஷ்டி வந்தது. முதலாளி விரதம். சாமான் இருக்கிற இடத்துக்கு ஆறு நாளும் மச்சம் மாமிசம் போகக்கூடாது என்றார். ஆகவே நாய்க்கும் சோறு, பருப்பு, வெங்காயக் குழம்பு. மற்ற நாட்களில் எலும்போடு கொஞ்சம் வெங்காயம் போகும். அந்த நாட்களில் வெங்காயமே கறி. மூன்றாம் நாள் காலை நாய் எழும்பவில்லை. இறைச்சி இல்லையென்று சண்டித்தனம் பண்ணுகிறது என நினைத்து, தண்ணீர்க் குழாயை மடித்து இரண்டு போட்டேன். எழும்பித் தின்றது. நாலாம் நாள் அதன் மூத்திரம் பால் விடாத தேநீர் நிறத்தில் இருந்தது. பல் முரசு வெளிறிப் போயிருந்தது. அந்தப் பிள்ளை சொன்னது எனக்கு நினைவு வந்தது. அது வீட்டு நாய்க்கு என்று எனக்கே சொல்லிவிட்டு வாளியைக் கவிழ்த்தேன்.

ஐந்தாம் நாள் காலை முதலாளி வான் வண்டியில் வந்து இறங்கினார். நாய் தலையைக்கூடத் தூக்கவில்லை.

“குரைக்காத நாய் எனக்கு எதுக்கு? நீயும் எதுக்கு?”

அவர் போனதும் மறுபடி அடித்தேன். அடித்தது நாயை அல்ல, என் பயத்தைத்தான் என்று இப்போது அழகாக எழுதலாம். பொய். நாயைத்தான் அடித்தேன். அது குரைக்கவேண்டும் என்று கெஞ்சிக்கொண்டே அடித்தேன்.

விரதம் முடிந்த மறுநாள் காலை வாளி நிறைய ஆட்டெலும்பு கொண்டுபோனேன். இரவு அவிழ்க்கப் போனபோதும் எழும்பாததால் சங்கிலியிலேயே விட்ட நாய் விறைத்துக் கிடந்தது. சங்கிலியைக் கழற்றக் கொஞ்ச நேரம் பிடித்தது. முதலாளி வந்து பார்த்தார்.

“கிழட்டு நாய்” என்றார். “இன்னொண்டு கிடைக்கிறவரைக்கும் இரவில நீ முழிச்சிரு, பகலில படு. கோப்பை கழுவ வேற ஆள் பாக்கிறன். நாலு மணிக்கு வீட்டு நாயை மட்டும் மறந்திடாதை.”

“ஓம் அண்ணை” என்றேன்.

நாலு மணிக்கு மகள் கதவைத் திறந்தாள். வெங்காயம் தின்ற நாயைக் காப்பாற்ற முடியுமா என்று கேட்டேன்.

“கெதியா டொக்டரிட்டைக் கொண்டுபோனா தப்பும், அங்கிள். ஏன், இவன் திண்டிட்டானோ?” பதறிப்போய் நாயின் உதட்டைத் தூக்கி முரசைப் பார்த்தாள்.

“இவனில்லை. வேற நாய்.”

“ஆரின்ரை நாய்?”

கிடங்கில் தன் தகப்பனுக்கு இன்னொரு நாய் இருந்தது அவளுக்குத் தெரியாது. “சும்மா கேட்டனான்” என்று சொல்லிவிட்டு நாயை நடத்திக்கொண்டு போனேன். அது வழமைபோல என் கையை நக்கியது. அன்றைக்கு நான் கையை இழுக்கவில்லை. எனக்கு என்மேல் அருவருப்பாக இருந்தது.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. இரவு முழுக்கக் கதவோரமாய் நடந்துவிட்டு நான் படுக்கப் போன நேரம் முதலாளி எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தார். சோறு, பருப்பு, வெங்காயக் குழம்பு.

“இனி காலமைதான் சாப்பாடு” என்றார். “இரவில வயிறு நிரம்பினா நித்திரை வந்திடும்.”

எண்ணெய் டின்களுக்குப் பக்கத்தில் இருந்து முழுவதையும் சாப்பிட்டேன்.