பஞ்சலிங்கத்தின் சத்துக் குளிசை

எங்கள் ஒழுங்கை வீடுகளில் பஞ்சலிங்கத்தைப் போல ஒரு மூடுமந்திரக்காரன் கிடையாது. சந்தையில் மீன் வாங்கினாலும் பையைச் சாக்குக்குள் ஒளித்துக்கொண்டுதான் வருவார். பசு கன்று போட்டால், கன்று துள்ளி ஓடத் தொடங்கிய பிறகுதான் நமக்குத் தெரியும். கேட்டால் கண்ணூறு என்பார். சண்டிலிப்பாயில் அவருடைய பீற்றூட் தோட்டத்துக்குக் கண் வைக்க யாருக்கு நேரம் இருக்கிறது என்று நான் கேட்டதில்லை. கேட்டால் ஒரு கிழமை கதைக்க மாட்டார்.

அவருக்கு ஒரே மகள் சாருஜா. பதினாலு வயது. போன வருடம் பிள்ளை இரண்டு பேருடைய சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே நாளுக்கு நாள் மெலிந்தாள். ஓரிடத்தில் இருக்க மாட்டாள். கை நடுங்கும், கொப்பியில் எழுத்து நண்டு ஓடின மாதிரிக் கிடக்கும், மார்கழிக் குளிரிலும் வியர்க்கும். இது காதல்தான் என்று ஒழுங்கைக்கு அறிவித்தவள் நான். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பிறகு பிள்ளை மெல்ல மெல்லத் தேறினாள். விடுவேனா நான்? விசாரித்தேன். கனடாவில் இருக்கும் மச்சான் சத்துக் குளிசை அனுப்பியதாகச் சொல்லி, பஞ்சலிங்கம் தோடம்பழப் படம் போட்ட போத்திலையும் காட்டினார். எதையும் காட்டாத மனுஷன் தானாகவே ஒன்றைக் காட்டும்போது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

இந்த ஆவணியில் அவருடைய மனைவி நேர்த்திக்கடனுக்காகக் காங்கேசன்துறையில் கப்பலேறி இந்தியாவுக்குப் போனா. பீற்றூட் லொறியோடு பஞ்சலிங்கமும் தம்புள்ளைச் சந்தைக்குப் போக வேண்டியிருந்தது. இரண்டு நாளைக்குப் பிள்ளையை என்னிடம் விட்டார். காலைச் சாப்பாட்டோடு சத்துக் குளிசை கொடுக்க மறக்க வேண்டாம் என்று மூன்று தரம் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் விடியச் சாருஜாவுக்குக் காய்ச்சல். தொண்டை நோவில் எச்சில் விழுங்கவும் கஷ்டப்பட்டாள். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். இன்றைக்குக் குளிசை வேண்டாம் மாமி என்று பிள்ளை கெஞ்சினாள். ஏன் என்று கேட்டால் தலையைக் குனிந்தாள். காய்ச்சல்காரிக்குத்தானே சத்து வேண்டும் என்று அதட்டி, பக்கத்தில் நின்று விழுங்க வைத்தேன். என்னுடைய கெட்டித்தனம் அப்படி.

அவளைப் படுக்க வைத்துவிட்டு முன்னால் இருக்கும் அன்னதான மடத்துக்குப் போனேன். பத்துப் பன்னிரண்டு பெண்கள் பலாக்காய் வெட்டிக்கொண்டிருந்தோம். ஒன்பது மணிக்குப் பஞ்சலிங்கம் போன் எடுத்தார். கையெல்லாம் பலாப்பால் என்பதால் பக்கத்தில் இருந்தவள் போனை ஸ்பீக்கரில் போட்டாள். பிள்ளைக்குக் கொஞ்சம் காய்ச்சலும் தொண்டை நோவும், பயப்பட வேண்டாம், சத்துக் குளிசையும் கொடுத்துவிட்டேன் என்றேன்.

போனுக்குள்ளே பஞ்சலிங்கம் கத்தினார்.

"அக்கா, அது சத்துக் குளிசை இல்லை. அவளுக்குத் தைரொயிட் கூடச் சுரக்கிற வருத்தம். அந்தக் குளிசை குடிக்கிறவைக்குக் காய்ச்சல், தொண்டை நோ வந்தால் உடனை நிப்பாட்டி இரத்தம் பாக்கோணும் எண்டு டொக்டர் சொன்னவர். எங்கடை வீட்டு அலுமாரிக்குள்ளை கிளினிக் கொப்பி கிடக்கு. எடுத்துக்கொண்டு ஓடுங்கோ அக்கா."

ஒரு வருடமாகப் பொத்திப் பொத்தி வைத்ததைப் பலாக்காய் வெட்டின பெண்கள் எல்லாரும் கேட்டார்கள். ஒருத்தி ஓட்டோவுக்கு ஓடினாள், ஒருத்தி என் கையில் எண்ணெய் பூசிப் பாலைத் துடைத்தாள்.

ஓட்டோவில் சாருஜா எல்லாம் சொன்னாள். அந்தச் சத்துப் போத்திலுக்குள் தகப்பன் போட்டு வைத்தது தைரொயிட்டை அடக்கும் கார்பிமசோல் குளிசையாம். சுகம் வந்துவிட்டது என்று நிப்பாட்டக் கூடாதாம், இரண்டு வருடமோ அதற்கு மேலேயோ குடிக்க வேண்டுமாம். ஆயிரத்தில் ஒருவருக்கு, இரண்டு பேருக்கு, கிருமியோடு சண்டை பிடிக்கும் இரத்த வெள்ளணுக்களை அது குறைத்துவிடுமாம். அப்போது சாதாரணத் தொண்டை நோவே உயிருக்கு ஆபத்தாம். இவ்வளவும் தெரிந்த பிள்ளையிடம், நாளைக்குக் கலியாணம் பேசும்போது கதை வரும் என்று பிள்ளையார் கோயிலில் வைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார் தகப்பன். எனக்கு வந்த கோபத்தில் முதல் பங்கு அவருக்கு, மிச்சமெல்லாம் எனக்கு.

ஆஸ்பத்திரி மர வாங்கில் இரண்டு மணித்தியாலம் இருந்தேன். கும்பிடாத தெய்வம் இல்லை. நான் விழுங்க வைத்த அந்த ஒரு குளிசைதான் நெஞ்சுக்குள் கிடந்தது. கடைசியில் டொக்டர் வந்து, வெள்ளணுக்கள் போதுமான அளவு இருக்கின்றன, இது வெறும் தொண்டைக் காய்ச்சல்தான், நாளையிலிருந்து குளிசையைத் தொடரலாம் என்றார். அங்கேயே அழுதுவிட்டேன்.

காய்ச்சல் இறங்கும் வரை பிள்ளையை வார்டில் வைத்திருந்தார்கள். பின்னேரம் பஞ்சலிங்கம் சேற்றுக் காலோடு வார்டுக்குள் வந்தார். என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் மகளின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தபடியே நின்றார்.

"அப்பா, இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. இனி ஆரும் வருத்தம் என்ன எண்டு கேட்டால் நான் என்ன சொல்ல?" என்று சாருஜா பயந்து பயந்து கேட்டாள்.

"உள்ளதைச் சொல்லு பிள்ளை. கலியாணம் பேசுறதுக்கு முதல் நீ உயிரோடை இருக்கோணும்" என்றார்.

சொல்லிவிட்டு, வார்டே பார்த்துக்கொண்டிருக்க, அந்த மூடுமந்திரக்காரன் சத்தம் போட்டு அழுதார்.