கீச்சுச் சத்தமும் கங்காணி வீட்டுச் சம்பந்தமும்

டெலிவிஷன் பெட்டி கீச்சென்று கத்தினால், அதன் டியூப்பில் விரிசல் விழுந்து காற்று நுழைகிறது, இன்னும் கொஞ்ச நேரத்தில் வீட்டோடு வெடிக்கும் என்று மனதார நம்பியிருந்தேன். விவரம் தெரியாத வயதில் அல்ல. எண்பதுகளின் தொடக்கத்தில், எங்கள் மலை ஊரான ரிங்லெட்டில் ஒரு சீனர் கடையில் டெலிவிஷன் பழுதுபார்த்துச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த வயதில்.

போன வாரம் கியா பார்மில் ஸ்ட்ராபெரி விற்கும் கடையொன்றில் அப்படி ஒரு மரப்பெட்டி டெலிவிஷனைப் பார்த்தேன். உள்ளே இருந்ததையெல்லாம் பிடுங்கிவிட்டுச் செடி வளர்க்கிறார்கள். குனிந்து முகர்ந்தேன். மண் வாசனைதான். ஆனால் மூக்கில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது: சூடேறிய தூசி, நனைந்த கம்பளி, கிராணி வீட்டுச் சாம்பிராணி.

கிராணி என்றால் தோட்டத்துக் குமாஸ்தா; எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீஸே அவர் கையில். மலைச்சரிவில் கொழுந்து பறிக்கும் பெண் முணுமுணுத்தால் ஆபீசில் இருந்தே அவருக்குக் கேட்டுவிடும். அப்பேர்ப்பட்ட காதுக்குச் சொந்த வீட்டு டெலிவிஷன் போட்ட கூச்சல் மட்டும் கேட்கவில்லை. தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருந்த எங்கள் லயத்துக்கே அது ஒன்றுதான் டெலிவிஷன். தமிழ்ப்படம் போடும் மாலையில் எல்லாரும் கம்பளியோடு அவர் வீட்டில் கூடிவிடுவோம். பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு பார்க்கும். "சும்மா நடிக்குதுங்க" என்பார் கிராணி. அவர் மனைவி நச்சரித்த பிறகுதான் பெட்டியைப் பழுதுபார்க்க என்னை வரச் சொன்னார்.

அன்றைக்கு எனக்கு இன்னொரு பரீட்சையும் இருந்தது. தன் மகள் சரோஜாவை எனக்குக் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த கங்காணி, என் வேலையின் அழகைப் பார்க்கக் குடும்பத்தோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மழையில் நனையாத வேலை பார்க்கும் மாப்பிள்ளை எங்கள் பக்கம் லேசில் அகப்படமாட்டான். நானும் ஸ்க்ரூடிரைவரைப் பேனாபோல் சட்டைப்பையில் செருகியிருந்தேன்.

பெட்டியைப் போட்டதும் கேட்டது அந்தக் கீச்சு, ஊசியைக் காதுக்குள் திருகுவது போல. சில நாள் முன்புதான் கடையில் ஒரு பழைய டியூப்பின் கழுத்து முறிந்து, 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே போனது. முதலாளி அதன்மேல் சாக்கைப் போட்டு மூடி எங்களை வெளியே விரட்டினார். என் மூளை இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டது.

"டியூப்பு வெடிக்கப் போவுது! ஓடுங்க!"

கத்தியவனும் நான், முதலில் ஓடியவனும் நான். வழியில் மூட்டைபோல் எதையோ தாண்டினேன். அது கங்காணியின் மனைவி.

லயமே தூறலில் நின்றது. உள்ளே கிராணி மட்டும் பிரம்பு நாற்காலியில்.

"ஐயா, வெளிய வாங்க!"

"வெடிக்கட்டும் லா. இப்பத்தான் தொந்தரவு இல்லாம படம் பாக்குறேன்."

"இவன் டிவி பாக்க வந்தானா, சாமியாட வந்தானா?" என்றாள் ஒருத்தி.

சரோஜா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க உள்ள போய்ப் பாருங்க. வெடிச்சா எங்களுக்கு இங்கயே கேக்கும்."

போனேன். பெட்டியின் முதுகைக் கழற்றி, தேயிலைப் பெட்டிச் சட்டம் ஒன்றால் கையை எட்டியமட்டும் நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒவ்வொன்றாக அழுத்தினேன். டியூப்புக்கு மின்சாரம் ஏற்றிக் கொடுக்கும் டிரான்ஸ்பார்மரை அழுத்தியதும் கீச்சு நின்றது. எடுத்தால் கத்தியது. நட்டு தளர்ந்து அதன் நடுக்கட்டை அதிர்ந்துகொண்டிருந்தது. பெட்டியை அணைத்து, ஆறவிட்டு, நட்டை முறுக்கி, சந்தில் ஒரு மரச்சிராயைச் செருகி, மெழுகுவத்தியை உருக்கி ஊற்றினேன். மறுபடி போட்டபோது பிள்ளைகள் காதிலிருந்து கையை எடுத்தார்கள்.

கிராணிக்குத் திருப்தி இல்லை. "எனக்கு அப்பவும் கேக்கல, இப்பவும் கேக்கல. என்னத்தடா செஞ்ச?"

கங்காணி, தன் மனைவியின் சேலையிலிருந்து சேற்றைத் தட்டிக்கொண்டிருந்தார். "வேலை சுத்தம்தான் தம்பி. ஆனா ஓடுறப்ப ஒரு பிள்ளையையாவது தூக்கிட்டு ஓடியிருக்கலாம் லா."

இப்போது அந்த லயம் இல்லை. புதிய வீடுகளில் ஆளுக்கொரு தட்டை டிவி. கீச்சும் இல்லை, கூட்டமும் இல்லை. கெட்டுப்போனால் தூக்கிப் போடுகிறார்கள். முதுகைக் கழற்ற யாரையும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டாலும் அலறிக்கொண்டு ஓட ஆள் இல்லை.

கிராணி வீட்டுப் பெட்டி கடைசிவரை வெடிக்கவில்லை. சரோஜாவை அடுத்த தை மாதம் கோலா தெர்லாவில் காய்கறி லாரி ஓட்டும் ஒருவருக்குக் கொடுத்தார்கள்.